தவிட்டுக்கு வாங்கியவள்

பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. "உன்னை ஆரு பெத்த? தவிட்டுக்கெல்லோ வாங்கின!" என்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கும், தாய் சிரிப்பாள், கதை அதோடு முடிந்துவிடும். பழுகாமத்து அன்னப்பூரணிக்கு மட்டும் அது சீண்டல் இல்லை. அவள் மெய்யாகவே ஒரு பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினாள். பட்டப்பகலில், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சுளகு தவிடு கொடுத்து வாங்கினாள்.

அவளிடம் தவிட்டுக்கு என்றைக்கும் குறைவில்லை. வயல் வட்டைக்குள் அறுவடை முடிந்ததும் நெல் வாங்கி, வீட்டு வளவிலேயே அவித்து, பாயில் காயப்போட்டு, மில்லில் குத்தி, அரிசியாக விற்பதுதான் அவள் தொழில். உமி அடுப்புக்கு, தவிடு கோழிக்கு. கணவன் நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவர். பேச்சு மிகக் குறைவு. அவருக்கும் சேர்த்து அன்னம் பேசுவாள். வாய் கொஞ்சம் காரம்தான். அரிசியில் கல் இருக்கிறது என்று சொன்ன ஒரு கடைக்காரரை, அரிசியையும் கல்லையும் அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டி, கல் அவர் கடைச் சாக்கிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

பிள்ளை இல்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கியாயிற்று, கோயில்களுக்கு நேர்ந்தாயிற்று. நாற்பதைத் தாண்டிய பிறகு கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஆராத்தித் தட்டுக்குப் பெண்களைக் கூப்பிடும்போது அவளைத் தாண்டிக் கண் போகும். அவளும் அந்த நேரம் பார்த்து அடுக்களையில் ஏதாவது வேலை தேடிக்கொள்வாள். அந்தளவுக்கு அவளுக்கு நாகரிகம் தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்து வளவு கஜானியுடையது. அன்னத்தின் தாயும் கஜானியின் தாயும் உடன்பிறந்தவர்கள். தாய்வழி வளவை இரண்டாகப் பிரித்து மகள்மாருக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. தாயை இழந்த கஜானிக்கு அக்கா என்றால் அன்னம்தான். கஜானியின் கணவன் ஜெயரூபன் மேசன் வேலைக்காரன். நல்ல பிள்ளை, மனைவி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்.

கஜானி இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். ஒன்று தொட்டிலுக்கே வரவில்லை. மற்றது வந்து, சிரிக்கப் பழகி, ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. மூன்றாவது வயிற்றில் தங்கியபோது அந்த வளவில் யாரும் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. பெண் பிள்ளை பிறந்தது. அன்னம்தான் ஆஸ்பத்திரியில் நின்றாள், சரக்கு அரைத்துக் கறி வைத்தாள், துணி அலசினாள். அந்த நாட்களில்தான் ஒருநாள் கஜானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தப் பிள்ளைய நீங்க வாங்குங்க. என்ட பிள்ளையா இரிந்தா இதையும் பறிகுடுத்திருவன். உங்கட பிள்ளையா இரிக்கட்டும்."

பழைய வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைத் தாய் விற்றுவிட வேண்டும். எமன் வாசலில் வந்து, இன்னாருடைய பிள்ளை எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை என்று வீடே சொல்ல வேண்டும். வாங்குகிறவள் தவிடு மாதிரி மலிந்த பொருளைத்தான் கொடுக்க வேண்டும். பேரும் அவள்தான் வைக்க வேண்டும். அதுவும் யாரும் ஆசைப்பட்டுத் திரும்பிப் பார்க்காத பேராக இருக்க வேண்டும். இப்படிப் பேர் வாங்கிய பிச்சைகளும் குப்பைகளும் ஊரில் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை ஊர் இன்றைக்கும் 'பிச்சையண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் திரும்பிப் பார்க்கிறார். வளர்ந்த பிறகு பிள்ளையை மீட்பதற்கும் முறை உண்டு. பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவளின் வாயால் 'குடுத்திட்டன்' என்ற சொல்லை வாங்க வேண்டும்.

பிள்ளைப்பேற்றுத் தொடக்குக் கழிந்த அன்று முன்வாசல் வழியாக இல்லாமல், குப்பை கொட்டும் பக்கமாக, வேலிப் பொட்டுக்குள்ளால் பிள்ளையைச் சுளகில் வைத்து நீட்டினாள் கஜானி.

"இந்தப் பிள்ளை எனக்கு வேணாம். ஆரும் வாங்குங்க."

இந்தப் பக்கம் நின்ற அன்னம் தவிட்டுச் சுளகை நீட்டினாள். சொல்ல வேண்டிய வசனத்தை இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"எனக்குத் தா. தவிட்டுக்குத்தான் வாங்குவன். இவள்ட பேர் தவிட்டி."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்னம் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், சாமித் தட்டின் முன்னால் கிடத்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாலுக்கு அழத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள் குனிந்து போனாள். "என்ட பிள்ளைக்குப் பால் குடு கா" என்றாள். அதுவும் வழக்கப்படி சொல்ல வேண்டிய வசனம்தான். ஆனால் வழக்கத்துக்காகத்தான் அவள் அதைச் சொன்னாள் என்று நினைத்தால், உங்களுக்கு அன்னத்தைத் தெரியாது.

பிறப்புச் சான்றிதழில் யதுஷா என்று ஒரு பேர் இருந்தது. எண் பார்த்து, எழுத்துப் பார்த்து வைத்த பேர். அது அலுமாரிக்குள் கிடந்தது. வளவுக்குள் நடமாடியது தவிட்டிதான். கஜானி களுவாஞ்சிகுடியில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவாள். பிள்ளைக்குப் பல் முளைத்தது அன்னத்தின் மடியில், நடை பழகியது அன்னத்தின் நெல் பாயில். பிள்ளை அவளை 'அன்னம்மா' என்று கூப்பிட்டது. பின்னேரத்தில் அன்னம் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "தவிட்டீ..." என்று நீட்டிக் குரல் கொடுப்பாள். பிள்ளை ஓடிவரும். பிள்ளைக்கு முன்னால் கோழிகள் ஓடிவரும். நாளாக நாளாகக் கோழிகளும் அதைத் தங்கள் பேர் என்றே எடுத்துக்கொண்டன. வேறு எந்தச் சத்தத்துக்கும் அவை அசைவதில்லை.

ஒரு வயதாகும் முன்னே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அன்னம் திரௌபதை அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். என் பிள்ளையை விட்டுவிடு, வருடா வருடம் உன் தீயை மிதிக்கிறேன். பிள்ளை பிழைத்தது. அன்னம் சொன்ன சொல் தவறவில்லை. திருவிழா வந்தால் விரதம் இருந்து, மஞ்சள் சீலை உடுத்து, தணலில் இறங்கி நடப்பாள். பெற்றவள் கரையில் நிற்க, வாங்கியவள் நடந்தாள்.

மூன்றாம் வருடத் தீமிதிப்பு முடிந்து, கால் நனைத்துவிட்டு, கோயில் வீதியில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தவிட்டி. பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது யாரோ, "பிச்சு!" என்று கூப்பிட்டார்கள்.

மடியில் இருந்த பிள்ளை சட்டென்று திரும்பியது. திரும்பியது மட்டுமில்லை, வழுக்கி இறங்கி ஓடிப்போய், கூப்பிட்ட பெண்ணின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பட்டுச் சீலை, தோளில் கைப்பை. வெல்லாவெளியில் படிப்பிக்கும் தக்ஷாயினி ரீச்சர். ஜெயரூபன் அவருடைய வீட்டு மதில் கட்டப் போனது அன்னத்துக்குத் தெரியும். மதில் கட்டினால் பிள்ளை ஏன் முழங்காலைக் கட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை.

"என்ட பிள்ளை எப்பிடி வளந்திற்றா பாருங்கோ" என்றார் ரீச்சர். "இவ நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளையெல்லோ."

அன்னம் சிரித்தாள். எல்லோரும் சொல்லும் பகிடிதானே.

"உண்மையாச் சொல்லுறன்" என்றார் ரீச்சர். "தொடக்குக் கழிஞ்ச கையோட கொண்டுவந்து என்ட கையில தந்தவங்க. எனக்கு மூண்டு பிள்ளையும் நல்லா இரிக்கிறபடியா ராசியான கையாம். பேரும் நான்தான் வைச்ச. பிச்சை எண்டு வைக்கோணுமாம், எனக்கு மனம் வரயில்ல, பிச்சு எண்டு வைச்சன். மாதத்துக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு வந்து காட்டுவினம்." பிறகு அன்னத்தின் மஞ்சள் சீலையைப் பார்த்து, "நீங்கதானே பிள்ளையப் பாத்துக்கொள்ளுற அக்கா? கஜானி சொன்னவ, பக்கத்து வளவில ஒரு அக்கா உதவிக்கு இரிக்கிறா எண்டு. நல்ல மனசு உங்களுக்கு."

ரீச்சரிடம் ஒரு பிழையும் இல்லை. அவர் பாராட்டினார். அன்னம் தலையை ஆட்டினாள். தணலில் நடந்தபோது சுடாத கால் அப்போது சுட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். விரதத்தில் ஏதோ பிழை விட்டிருக்கிறாள் என்று ஊர் பேசியது. பிழை விட்டது யார் என்று ஊருக்குத் தெரியாது.

கஜானி தானாகச் சொல்லட்டும் என்று அன்னம் காத்திருந்தாள். கஜானி வந்தாள், காலுக்கு மருந்து தந்தாள், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், வந்தாள், தூக்கிக்கொண்டு போனாள். ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அன்னம்தான் வேலியடியில் மறித்தாள்.

"வெல்லாவெளிக்கும் பிள்ளைய வித்தயா கா?"

கஜானியின் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்லப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

"சாத்திரிட்டப் போனம் அக்கா. பிள்ளைப் பாக்கியம் இல்லாத கையில குடுத்தா பிள்ளை தங்காது, நிறைஞ்ச கையில திருப்பி வில்லுங்க எண்டு சொன்னார். நான் ரெண்டைப் புதைச்சவள். என்ன செய்யச் சொல்லுறீங்க?"

"திருப்பி வித்ததைச் சொல்லியிரிக்கலாமே. மூண்டு வருசமா நான் என்ட பிள்ளை, என்ட பிள்ளை எண்டு திரியிறன். நீயும் ஓம் ஓம் எண்டு நிண்டாயே."

கஜானி கிடுகைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், அதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்:

"சொன்னா நீங்க பிள்ளையப் பாக்காம விட்டிருவீங்க எண்டு பயந்தன்."

கடைக்காரரை மடக்கிய வாய் அது. மலடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுக்க ஒரு சொல் இருந்திருக்கும். கை ராசியில்லாத கை, ஆனால் பிள்ளை கழுவ, ஊட்ட, தீயில் இறங்க ஏற்ற கை என்று நினைத்திருக்கிறார்கள். அன்றிரவு நல்லரத்தினத்திடம் சொன்னாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். "பயந்த சனம் அன்னம்" என்றார். "நான் பயப்படயில்லயா? நான் தீக்குள்ள இறங்கினன்" என்று கத்தினாள்.

விடிந்ததும் புதுக் கிடுகு எடுத்துக்கொண்டு பொட்டை அடைக்கப் போனாள். பொட்டுக்கு அந்தப் பக்கத்தில் தலை கலைந்து, ஒரு கையில் சீப்போடு பிள்ளை நின்றது. "அன்னம்மா, தலை இழுத்து விடுங்க." அன்னம் கிடுகை வேலியில் சாய்த்துவிட்டு, உட்கார்ந்து, சிக்கெடுத்து, பின்னி விட்டாள். கிடுகு அங்கேயே சாய்ந்து கிடந்து மழையில் உக்கிப்போயிற்று. தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தும் பொட்டை அடைக்கவில்லை.

பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகிற வயது வந்தது. ஒரு நாள் ஜெயரூபன் வான் பிடித்து வந்தான். பிள்ளைக்குப் புதுப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. எங்கே போகிறீர்கள் என்று அன்னம் கேட்டதற்கு, "வெல்லாவெளிக்கு ஒரு அலுவல்" என்று கஜானி காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என்ன அலுவல் என்று அடுத்த நாள் ஊரார் கைபேசிகளில் எல்லாம் இருந்தது. படத்தில் ரீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கஜானி தட்டில் தவிடு நீட்டுகிறாள். ரீச்சர் பிள்ளையை நெற்றியில் முத்தமிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். கேக் கூட வெட்டியிருந்தார்கள். பிள்ளையை மீட்டாயிற்று.

அதற்குப் பிறகு பிள்ளை பொட்டுக்குள்ளால் வரவில்லை. பாலர் பாடசாலை முடிந்து ஜெயரூபன் கூட்டிக்கொண்டு வருவான், கதவைச் சாத்துவான். அன்னம் பின்னேரத்தில் முற்றத்தில் நின்று கூப்பிடுவாள். கோழிகள் மட்டும் வரும்.

மழை தொடங்கிய மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கு விட்டது, மறுபடி வந்தது. கஜானிக்குப் பழைய பயம் முழுசாகத் திரும்பியது. வாக்குச் சொல்லும் ஒரு பெண்ணிடம் ஓடினாள். ஒரு கையில் மீட்டிருக்கிறாய், இன்னொரு கையில் பிடி இருக்கிறது, அந்தப் பிடி விட்டால்தான் பிள்ளை எழும்பும் என்று சொல்லி அனுப்பினாளாம் அந்தப் பெண்.

மறுநாள் பின்னேரம் புருசனும் பெண்சாதியும் முன்வாசல் வழியாக வந்தார்கள். பொட்டுக்குள்ளால் குனிந்து வர முகம் இல்லை. தட்டில் ஒரு கூறைச் சீலை, பழம், வெற்றிலை. கஜானியின் தோளில் போர்வைக்குள் பிள்ளை.

"அக்கா, செய்தது பிழைதான். மன்னியுங்க. குடுத்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க."

அன்னம் சீலையைப் பார்த்தாள். நல்ல சீலைதான்.

"நான் சீலைக்கா வாங்கினன்?" என்றாள். "தவிட்டுக்கெல்லோ வாங்கின. வெல்லாவெளிக்குத் தவிடு கொண்டுபோகத் தெரிஞ்ச உனக்கு, எனக்குக் கொண்டுவரத் தெரியயில்ல."

கஜானி ஜெயரூபனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ராசியான கைக்கு முறைப்படி செய்தவர்கள், ராசியில்லாத கைக்குச் சீலை போதும் என்று வந்திருந்தார்கள்.

அன்னம் கிட்டப் போனாள். போர்வையை விலக்கினாள். "தவிட்டி" என்றாள், மெதுவாக. "இஞ்ச பாருங்க மகள்."

பிள்ளை தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. "அது கூடாத பேர்" என்றது காய்ச்சல் குரலில். "அதுக்குத் திரும்ப வேணாம் எண்டு அம்மா சொன்ன. நான் யதுஷா."

நல்லரத்தினம் வாசலில் நின்றபடி தொண்டையைக் கனைத்தார்.

தரமாட்டேன் என்று சொல்ல அன்னத்துக்கு ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் கஜானி வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு தும்மலுக்கும் அந்தச் சொல்லை நினைத்து நடுங்கியிருப்பாள். அந்தச் சொல் அன்னத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பட்டது போதும், இவளும் கொஞ்சம் படட்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போர்வையை விலக்கிய கை இன்னும் பிள்ளையின் நெற்றியில்தான் இருந்தது. நெற்றி சுட்டது.

கையை எடுத்தாள். கோழிக்கூட்டுப் பக்கம் போய், சாக்கைத் திறந்து, சுளகு நிறையத் தவிடு அள்ளிக்கொண்டு வந்தாள். அதைக் கஜானியிடம் நீட்டினாள்.

"பிடி."

கஜானி பிள்ளையை ஜெயரூபனிடம் கொடுத்துவிட்டுச் சுளகைப் பிடித்தாள்.

"இப்ப அதை எனக்குத் தா."

கஜானிக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் சுளகை இரண்டு கையாலும் ஏந்தினாள். நீட்டினாள். அன்னம் வாங்கிக்கொண்டாள்.

"வாங்கின அண்டைக்கும் என்ட தவிடு. விக்கிற இண்டைக்கும் என்ட தவிடுதான். நீ ஒண்டும் குடுக்கயில்ல கா, எனக்கு. ஒருநாளும் குடுக்கயில்ல." பிறகு முறைப்படி, ஊர் கேட்கிற குரலில் சொன்னாள்: "தவிட்டுக்கு வாங்கின பிள்ளையத் தவிட்டுக்கே குடுத்திட்டன். இனி எனக்குப் பிள்ளை இல்ல. கொண்டுபோங்க. சீலையையும் கொண்டுபோங்க."

கஜானி அழுதுகொண்டு காலில் விழப் போனாள். அன்னம் விலகி நின்றாள். அவர்கள் வாசல் கடப்படி தாண்டும்வரை ஜெயரூபனின் தோளில் பிள்ளையின் பின்னல் தெரிந்தது. பின்னல் சரியாக இல்லை, ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தது.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரி மருந்திலா, தவிட்டிலா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அன்னம் காது கொடுத்துக் கேட்டாள், நல்லது என்று மட்டும் சொன்னாள். அதே நாள் புதுக் கிடுகு எடுத்துப்போய்ப் பொட்டை அடைத்தாள். இந்தத் தடவை அந்தப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

பின்னேரம் திருப்பி வாங்கிய தவிட்டைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "பா, பா" என்று எல்லோரையும் போலக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழைத்ததை அள்ளி வீசினாள். முருங்கையடியில் நின்ற கோழிகள் தலையைச் சரித்து அவளைப் பார்த்தனவே தவிர, ஒன்றும் கிட்ட வரவில்லை. தங்கள் பேரைச் சொல்லி அவள் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றன.